கடைக் குளிர்பெட்டிகளின் கரண்ட் பில்: யூனிட் எங்கே போகிறது, எப்படிக் குறைப்பது

சூப்பர் மார்க்கெட், பேக்கரி, ஐஸ்கிரீம் கடை, கோழிக்கறிக் கடை, ஓட்டல் சமையலறை எதுவானாலும் இரவில் விளக்கையும் ஃபேனையும் அணைத்துவிட்டு ஷட்டரை இறக்குகிறோம். அதன் பிறகும் ஓடிக்கொண்டிருப்பவை விசி கூலரும் (கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி) டீப் ஃப்ரீசரும் கோல்டு ரூமும்தான். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் அவற்றுக்கு ஓய்வில்லை. ஓயாமல் 100 வாட் வீணானால் ஆண்டுக்கு 876 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 8,760 ரூபாய். கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்தப் பத்து ரூபாயை வைத்தே போட்டது. உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

பில் ஏறியதும் வழக்கமாக நடப்பது என்ன? மெக்கானிக் வருவார், "கேஸ் குறைஞ்சிருக்கு" என்பார், ஏற்றிவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் அதே கதை. உண்மையில் பெரும்பாலான கடைகளில் யூனிட் வீணாவது இரண்டு வழியில்: வெளிச்சூடு பெட்டிக்குள் நுழைகிறது, உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் கம்ப்ரசர் திணறுகிறது. இரண்டையும் சரிசெய்யப் பெரிய செலவில்லை. கேஸ், புது இயந்திரம், இன்வெர்ட்டர் கம்ப்ரசர் எல்லாம் அதற்குப் பிறகு. கீழே உள்ள வரிசையும் அப்படித்தான். மாற்றிச் செய்தால் பணம் தவறான இடத்தில் போகும்.

முதலில் அளந்து பாருங்கள்

மொத்த பில்லைப் பார்த்து எந்தப் பெட்டி தின்கிறது என்று சொல்ல முடியாது. பிளக்கில் செருகும் சிறிய எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்குங்கள், 16 ஆம்ப் தாங்குவதாக. ஒவ்வொரு பெட்டியையும் அதன் வழியாக முழுதாக 24 மணி நேரம் ஓடவிட்டு யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர அளவை 24-ஆல் பெருக்குவது ஏமாற்றும். மதியம் ஒரு கணக்கு, விடியற்காலை ஒரு கணக்கு. கோல்டு ரூமுக்கு அதன் பேனலிலேயே ஒரு த்ரீ ஃபேஸ் சப் மீட்டர் வைத்துவிடுவது நல்லது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை மட்டும் பார்த்து வோல்டேஜால் பெருக்காதீர்கள். மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் ஒன்றுக்குக் குறைவு என்பதால் அந்தக் கணக்கு கூடுதலாகவே காட்டும்.

எவ்வளவு வந்தால் சரி? தோராயமாகச் சொன்னால், 400 முதல் 500 லிட்டர் வரையுள்ள ஒற்றைக் கதவு விசி கூலருக்கு நாளைக்கு 4 முதல் 8 யூனிட். மேல்மூடி போட்ட 300 லிட்டர் டீப் ஃப்ரீசருக்கு 2 முதல் 3.5 யூனிட். கண்ணாடி மூடி ஃப்ரீசர் கொஞ்சம் பெரிதானால் 4 முதல் 7. முன்பக்கம் திறந்தே இருக்கும் ஆறடி ஓப்பன் சில்லர் மட்டும் தனி இனம். அது சாதாரணமாகவே 20 யூனிட்டைத் தாண்டும். உங்கள் பெட்டி இந்த வரம்புக்கு மேல் ஒன்றரை மடங்கு காட்டினால் அதில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

யூனிட்டோடு இன்னொன்றையும் பாருங்கள்: கடை மூடிய பிறகு கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிறதா? கதவே திறக்காத இரவிலும் நிற்காமல் ஓடினால், அன்று சரக்கு நிறைய ஏற்றாத பட்சத்தில், எங்கோ கோளாறு இருக்கிறது. மீட்டரில் வாட் எண் ஏறி இறங்குவதைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்.

வெப்பநிலை: தேவைக்கு மேல் குளிர் வேண்டாம்

உள்ளே ஒரு டிகிரி குறைத்து வைத்தால் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் ஏறும். -18 போதும் என்ற ஃப்ரீசரை "பாதுகாப்புக்கு" -25-இல் வைத்தால் 15 முதல் 20 சதவீதம் வீண். ஐஸ்கிரீம், உறைந்த இறைச்சி, உறைந்த பட்டாணி எல்லாவற்றுக்கும் -18 போதும். ஸ்கூப் செய்து கொடுக்கும் பெட்டியில் -14 அளவில் இருந்தால்தான் கரண்டியே இறங்கும். பால், தயிர், இட்லி மாவு, பன்னீருக்கு 4 டிகிரி. குளிர்பானமும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருக்கும் பெட்டிக்கு 6 டிகிரி தாராளம்.

காய்கறி அறையில் நடக்கும் தவறு இரட்டை நஷ்டம். வாழைப்பழத்துக்கு 13 டிகிரி, மாம்பழத்துக்கும் ஏறக்குறைய அதுதான். தக்காளிக்கு 10-க்குக் கீழே போகக்கூடாது. இவற்றைக் கீரையோடு சேர்த்து 4 டிகிரியில் அடைத்தால் தோல் கறுக்கும், சுவை போகும், அதற்குக் கரண்ட் வேறு கட்ட வேண்டும். இவற்றை வெளியே நிழலில் வைப்பதே மேல்.

தெர்மோஸ்டாட் திருகியில் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண்கள் டிகிரி அல்ல. பெரிய எண் என்றால் கூடுதல் குளிர், அவ்வளவுதான். வெயில் காலத்தில் 7-இல் வைத்தவர்கள் மார்கழியிலும் அப்படியே விட்டிருப்பார்கள். உண்மையான வெப்பநிலையை அறிய, ஒரு டம்ளர் தண்ணீரில் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை மூழ்க வைத்துப் பொருள்களுக்கு நடுவே ஒரு நாள் வைத்துப் பாருங்கள். ஃப்ரீசரானால் இரண்டு பாக்கெட்டுக்கு இடையே முனையைச் செருகலாம். பெட்டியின் டிஸ்பிளே காட்டுவது காற்றின் வெப்பநிலை. கதவைத் திறந்தாலே அது குதிக்கும். மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டிலும் அளந்து, அதிகச் சூடான இடம் தேவையான அளவுக்குள் வரும்படி திருகியை வையுங்கள்.

கண்டென்சர்: மலிவான வேலை, பெரிய மிச்சம்

பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சூடு முழுவதும், கம்ப்ரசர் தின்ற மின்சாரத்தின் சூடும் சேர்ந்து, கண்டென்சர் காயில் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுத்தமான காயிலில் கேஸ் குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலை, வெளிக்காற்றைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே இருக்கும். கடை 35 டிகிரி என்றால் 45 முதல் 47. காயிலில் தூசி அப்பிவிட்டால் அதே இடத்தில் 55, 60 வரை ஏறும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 2 முதல் 3 சதவீதம் யூனிட் கூடும். பத்து டிகிரிக்குக் கால்பங்கு பில் போய்விட்டது. ஆர்-134ஏ ரகக் கேஸ் உள்ள பெட்டியில் கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்த்தால் 45 டிகிரிக்குச் சுமார் 150 பிஎஸ்ஐ, 55 டிகிரிக்கு 200 பிஎஸ்ஐ. அந்த 50 பிஎஸ்ஐ கூடுதல் அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டே கம்ப்ரசர் நாள் முழுவதும் ஓடுகிறது; அதன் ஆயுளும் குறைகிறது.

கேஜ் இல்லாமலும் பார்க்கலாம். கண்டென்சரின் நடுவில் வளைந்து தெரியும் குழாயில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். பளபளக்கும் செம்பில் நேரடியாகக் காட்டினால் தவறான எண் வரும், டேப் அதற்காகத்தான். கம்ப்ரசர் பத்து நிமிடம் ஓடிய பிறகு எடுங்கள். கடைக் காற்றைவிட 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சுத்தம் செய்ய நேரம் வந்துவிட்டது.

சுத்தம் செய்யும் முறை: பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கீழ்ப்பக்க கிரில்லைக் கழற்றுங்கள். மென்மையான பிரஷால் தகடுகள் ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். பிறகு புளோயரால், காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிர்த்திசையில் ஊதுங்கள். வந்த வழியிலேயே ஊதினால் தூசி இன்னும் உள்ளே போய் அடைக்கும். ஃபேன் இறக்கையையும் துடையுங்கள். அதில் ஒட்டிய பிசுக்கு காற்றைப் பாதியாக்கும். மடங்கிய தகடுகளை நிமிர்த்த ஃபின் சீப்பு கிடைக்கும்.

மளிகைக் கடைக்கு மாதம் ஒருமுறை. பேக்கரியில் மாவுத் தூசி என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஓட்டல் சமையலறையில் எண்ணெய்ப் புகை தகட்டில் பசையாகப் படியும், பிரஷ் உதவாது. காரவகைப் பிசுக்கு நீக்கியை (ஆல்கலைன் டீகிரீசர்) தெளித்துப் பத்து நிமிடம் ஊறவைத்துத் தண்ணீர் அடிக்க வேண்டும். இதை மொட்டைமாடியில் உள்ள யூனிட்டில் செய்யலாம். கடைக்குள் இருப்பதானால் மோட்டாரையும் வயரிங்கையும் பிளாஸ்டிக்கால் மூடித்தான் செய்ய வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவுபவர்களை அனுமதிக்காதீர்கள்: அலுமினியத் தகடு பளிச்சென்று ஆகும், ஆறு மாதத்தில் உதிரும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரை போன்ற இடங்களில் உப்புக்காற்று இதே வேலையை மெதுவாகச் செய்கிறது. அங்கே வெளி யூனிட்டை மாதம் இருமுறை வெறும் நல்ல தண்ணீரால் கழுவினாலே ஆயுள் நீளும்.

காயில் சுத்தமாக இருந்தும் சூடு குறையவில்லையா? காற்றுப் போக்கைப் பாருங்கள். கண்டென்சருக்குள் நுழையும் காற்றையும் கடை நடுவில் உள்ள காற்றையும் அளந்து, வித்தியாசம் மூன்று டிகிரிக்கு மேல் இருந்தால், பெட்டி தான் விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சுகிறது. சுவரோடு ஒட்டிய பெட்டி, வரிசையாக இடிபட நிற்கும் மூன்று கூலர்கள், முன் கிரில்லில் சாய்த்த அட்டைப்பெட்டிகள், மேலே அடுக்கிய காலி கிரேட்டுகள் இவைதான் காரணம். பின்னால் பத்து சென்டிமீட்டர், மேலே அரை அடி இடம் விடுங்கள். டீ பாய்லருக்கும் ஓவனுக்கும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். மொட்டைமாடி யூனிட்டுக்கு நிழல் கூரை போடலாம், ஆனால் ஃபேன் சூட்டைத் தள்ளும் பக்கம் ஒரு மீட்டராவது திறந்திருக்க வேண்டும். நிழலுக்கென்று தகரப் பெட்டி கட்டி மூச்சடைக்க வைத்தவர்களும் உண்டு.

ஏசி போட்ட கடைக்கு ஒரு குறிப்பு. பெட்டி தின்னும் ஒவ்வொரு யூனிட்டும் சூடாகக் கடைக்குள்ளேயே விழுகிறது. அதை வெளியேற்ற ஏசி இன்னும் மூன்றில் ஒரு யூனிட் எடுக்கும். எனவே பெட்டியில் மிச்சமாகும் மூன்று யூனிட் பில்லில் நான்காகத் தெரியும்.

கதவு: தமிழ்நாட்டுக் காற்றின் ஈரம்

குளிர்நாட்டுக் கையேடுகளைப் பார்த்துச் செய்பவர்கள் குறைத்து மதிப்பிடுவது ஈரத்தை. 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி. 4 டிகிரி காற்று தாங்குவது 6 கிராம்தான். மீதி 18 கிராம் பெட்டிக்குள்ளே குளிர்விக்கும் காயிலில் நீராகவோ பனியாகவோ படிகிறது. அப்படிப் படியும்போது தன் வெப்பம் முழுவதையும் காயிலின் தலையில் கட்டிவிடுகிறது.

3 மீட்டருக்கு 3 மீட்டர், 2.5 மீட்டர் உயரமுள்ள கோல்டு ரூமை எடுத்துக்கொள்வோம். அதன் காற்று முழுவதும் ஒருமுறை மாறினால் சுமார் 400 கிராம் நீர் காயிலுக்கு வரும். வெளியேற்ற வேண்டிய வெப்பம் அரை கிலோவாட் மணி. ஒரு யூனிட் மின்சாரத்தில் கம்ப்ரசர் இரண்டு யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்தால் கால் யூனிட். கதவை அகலத் திறந்து ஓரிரு நிமிடம் விட்டாலே காற்று ஏறக்குறைய முழுதும் மாறிவிடும், ஏனென்றால் கனத்த குளிர்காற்று கீழ்வழியாக வழிந்தோட, சூடான காற்று மேல்வழியாக நுழைகிறது. சரக்கு எடுக்க நாளைக்கு இருபது முறை இப்படித் திறந்தால் ஐந்து யூனிட், ஐம்பது ரூபாய், மாதம் 1,500.

இதற்குப் பிவிசி பட்டைத் திரை. 200 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன், ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது ஏறியிருக்க வேண்டும். ஃப்ரீசர் அறைக்குப் போலார் ரகம்தான் வாங்க வேண்டும், சாதாரணப் பட்டை உறைந்து விறைத்து உடையும். பணியாளர்கள் தொந்தரவென்று பட்டைகளைத் தூக்கி ஓரத்தில் கட்டிவிடுவார்கள். அதற்கு ஒரே மருந்து அவ்வப்போது போய்ப் பார்ப்பது. கதவில் சுவிட்ச் வைத்து, திறந்ததும் உள் ஃபேன் நிற்கும்படி செய்யுங்கள். ஓடும் ஃபேன் குளிரை வாசல் வழியே ஊதித் தள்ளுகிறது.

கதவு ரப்பரைச் சோதிக்கப் பத்து ரூபாய் நோட்டுப் போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கசிவு. நான்கு மூலையும், கீல் பக்கமும், நடுவும் பாருங்கள். கோல்டு ரூமானால், வெளியே ஒருவர் நிற்க, உள்ளே விளக்கணைத்துக் கதவோரம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். ரப்பர் அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினாலே பிடிப்பு திரும்பும். உருக்குலைந்திருந்தால் ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி விரலால் வடிவுக்குக் கொண்டுவந்து, கதவை மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். கிழிந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலான விசி கூலர்களில் பள்ளத்தில் அழுத்திப் பொருத்துவதுதான், மெக்கானிக்கே வேண்டாம். ரப்பர் நன்றாக இருந்தும் கசிந்தால் கதவு தொங்கியிருக்கும்: கீலை முடுக்கி நிமிர்த்துங்கள், பெட்டியின் முன்கால்களைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கதவு தானே சாத்திக்கொள்ள அந்தச் சாய்வு உதவும்.

ஓப்பன் சில்லருக்குக் கதவே இல்லை. மேலிருந்து கீழே விழும் காற்றுத்திரைதான் அதன் கதவு. அதற்கு நேர் மேலே சீலிங் ஃபேன் சுழன்றாலும், ஏசியின் காற்று நேராக அடித்தாலும் அந்தத் திரை கிழிந்துவிடும். நம் கடைகளில் இதுதான் அதிகம் பார்க்கும் தவறு, ஃபேனை அணைக்கச் செலவு எதுவுமில்லை. திரை புறப்படும் தேன்கூட்டு வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். சரக்கை ஏற்றக் கோட்டைத் தாண்டி அடுக்கி, கீழே காற்று திரும்பும் துளையை மூடாதீர்கள். கடை மூடியதும் இரவுத் திரையை இழுத்துவிடுங்கள். பெட்டி உறுதியாக இருந்து இன்னும் சில ஆண்டு ஓடும் என்றால் கண்ணாடிக் கதவு பொருத்திக்கொள்வது எல்லாவற்றிலும் பெரிய மிச்சம் தரும், ஏனெனில் இந்தப் பெட்டிகள் சுமக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி முன்பக்கக் காற்று வழியாக வருவதுதான். கதவு போட்டபின் வெப்பநிலை அமைப்பைச் சற்று ஏற்றவும், டிஃப்ராஸ்ட் (காயிலில் படிந்த பனியை உருக்குவது) எண்ணிக்கையைக் குறைக்கவும் மறந்தால் பாதிப் பயன்தான்.

கண்ணாடி மூடி ஃப்ரீசரை இரவில் தெர்மோகோல் பலகையாலோ ஃபோம் விரிப்பாலோ மூடுங்கள். கீழேயுள்ள கண்டென்சர் கிரில் மட்டும் மூடப்படக்கூடாது.

உள்ளே வைப்பது

ஓட்டலில் 50 லிட்டர் கிரேவியை 80 டிகிரியில் அப்படியே கோல்டு ரூமுக்குத் தள்ளினால் என்ன ஆகும்? 35 டிகிரிக்கு வரும்வரை மட்டும் 2.6 கிலோவாட் மணி வெப்பம், அதாவது 1.3 யூனிட். பக்கத்தில் இருக்கும் தயிரும் சூடாகும், எழும் ஆவி காயிலில் பனியாகும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறி ஆறவைத்து வையுங்கள். ஆனால் மேசை மேல் மணிக்கணக்கில் விடவும் கூடாது: 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். ஆழம் குறைந்த அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றுவதே எளிய வழி. எல்லாவற்றையும் மூடி வையுங்கள்.

இதோடு ஒப்பிட்டால் குளிர்பானம் அத்தனை பெரிய சுமையில்லை. 100 லிட்டர் பாட்டில்களை 32 டிகிரியிலிருந்து 5-க்குக் கொண்டுவர ஒன்றரை யூனிட் சொச்சம். குளிர்பானமும் தண்ணீரும் மட்டும் இருக்கும் கூலரை இரவு பத்துக்கு அணைத்துக் கடை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போடும்படி டைமர் வைக்கலாம். அணைத்த நேரத்துக்கு நேர்விகிதமாக மிச்சம் வராது, காலையில் மீண்டும் இழுத்துக் குளிர்விக்க வேண்டுமே. ஒரு பாக்கெட் பால் அதில் இருந்தாலும் டைமர் கூடாது.

பனியும் டிஃப்ராஸ்ட்டும்

காயிலில் படியும் பனி காற்றை அடைக்கிறது, சூட்டையும் கடத்தவிடாது. மேல்மூடி ஃப்ரீசரின் சுவரில் அரை சென்டிமீட்டர் பனி சேர்ந்ததும் நீக்குங்கள். சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றி, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, உள்ளே ஒரு வாளி வெந்நீர் வையுங்கள். இளகியதும் மரக்கரண்டியால் தள்ளுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். சுவருக்கு உள்ளேயே குழாய் ஓடும் பெட்டிகளில் ஒரு குத்து போதும், பெட்டியைக் கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

ஃப்ரீசர் அறைகளில் ஹீட்டர் டிஃப்ராஸ்ட். 3 கிலோவாட் ஹீட்டர் நாளைக்கு நான்கு முறை அரை மணி நேரம் எரிந்தால் 6 யூனிட். மாதம் 1,800 ரூபாய். அந்தச் சூட்டில் பெரும்பகுதியை மறுபடி கம்ப்ரசர் வெளியேற்ற வேண்டும், அதைச் சேர்க்கவில்லை. எனவே கண்ட்ரோலரில் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, காயில் 10 முதல் 12 டிகிரி தொட்டதும் ஹீட்டர் நிற்கும்படி காயில் சென்சார் வேலை செய்கிறதா? சென்சார் செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் முழு நேரமும் எரியும். பில் ஏறும் ஆனால் எதுவும் கெட்டதுபோலத் தெரியாது. இரண்டு, டிஃப்ராஸ்ட் தொடங்குவதற்குச் சற்று முன் காயிலைப் போய்ப் பாருங்கள். மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும் இருந்தால் நான்கை மூன்றாக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திரும்ப நான்குக்குப் போக வேண்டியிருக்கும். மூன்று, ஹீட்டர் நின்றபின் தண்ணீர் சொட்ட ஐந்து நிமிடம், பிறகு கம்ப்ரசர், காயில் குளிர்ந்தபின் ஃபேன் என்ற வரிசை இருக்கிறதா? ஃபேன் முந்திக்கொண்டால் சூடும் ஈரமும் அறை முழுதும் பரவும், கூரையில் பனி தொங்குவது அதனால்தான்.

2 டிகிரிக்கு மேல் வைக்கும் அறைக்கு ஹீட்டரே தேவையில்லை. கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் பனி தானே உருகும். ஆனால் ஃப்ரீசர் யூனிட்டை வாங்கிச் சில்லர் அறையில் மாட்டிய இடங்களில் ஹீட்டர் சும்மா எரிந்துகொண்டிருப்பதுண்டு.

கேஸ்: இப்போது பார்க்கலாம்

கேஸ் பெட்ரோல் அல்ல, தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் ஏற்றுவது பணத்தைக் காற்றில் விடுவது. ஆர்-404ஏ என்றால் அந்தக் காற்றுக்கும் கேடு. கரியமில வாயுவைவிட அதன் வெப்பமூட்டும் திறன் 3,922 மடங்கு.

குறைந்த கேஸின் அடையாளம்: காயிலின் முதல் சில வரிசைகளில் மட்டும் பனி, மீதி வெறுமை, கம்ப்ரசர் நிற்காது. அதிகக் கேஸின் அடையாளம்: கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய் முழுதும் பனி, ஆம்பியர் ஏற்றம். ஆனால் காயில் முழுதும் பனிக்கட்டியாக மூடியிருந்தால் அது பெரும்பாலும் ஃபேன் அல்லது டிஃப்ராஸ்ட் கோளாறு. அதற்குக் கேஸ் ஏற்றினால் இன்னும் கெடும்.

மெக்கானிக் செய்ய வேண்டியதும் நீங்கள் கூட நின்று பார்க்க வேண்டியதும்: நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரையால் பிரேசிங் இணைப்புகள், ஃப்ளேர் நட்டுகள், மூடியில்லாத சார்ஜிங் வால்வுகள், உராயும் கேப்பிலரி (கேஸ் செல்லும் மிக மெல்லிய செம்புக் குழாய்) ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே கரி உதிர்ந்து கேப்பிலரியை அடைக்கும். கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்ற வேண்டும். வேக்குவம் பம்பால் 500 மைக்ரானுக்கு (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கிப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கம்ப்ரசரையே ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுவது வேக்குவம் அல்ல. கடைசியாக, பெட்டியின் தகட்டில் எழுதிய கிராமை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும், குழாயைத் தொட்டுப் பார்த்து அல்ல. ஆர்-404ஏ கலவைக் கேஸ் என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும். எக்ஸ்பான்ஷன் வால்வ் உள்ள கோல்டு ரூமில் சூப்பர்ஹீட் (கேஸ் ஆவியாகும் வெப்பநிலைக்கு மேல், அது காயிலை விட்டு வரும்போது ஏறியிருக்கும் சூடு) 5 முதல் 8 டிகிரிக்குள் வருகிறதா என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

புதிய பெட்டிகளில் ஆர்-290, அதாவது தூய புரொப்பேன், பெருகி வருகிறது. குறைந்த மின்சாரம், வெப்பமூட்டும் கேடு மிகக் குறைவு. ஆனால் தீப்பிடிக்கும். 80 கிராம் ஏற்ற வேண்டிய பெட்டியில் பத்து கிராம் தவறே பெரிய தவறு. கேஸ் உள்ள குழாயில் டார்ச் காட்டக்கூடாது. அதற்குப் பயிற்சி பெற்றவரையே கூப்பிடுங்கள். சமையல் கேஸை ஏற்றித் தருகிறேன் என்பவரைக் கடைக்குள் விடாதீர்கள். அது தூய புரொப்பேனும் அல்ல, ஆர்-290-க்கென்று செய்யாத பெட்டியின் சுவிட்சுகள் தீப்பொறி விடாதவையும் அல்ல.

கம்ப்ரசருக்குத் திரும்பும் குளிர்க்குழாயின் கறுப்பு ஃபோம் உறை வெயிலில் பொடிந்திருந்தால் 19 மில்லிமீட்டர் தடிமனில் புதிதாகப் போட்டு மேலே அலுமினிய டேப் சுற்றுங்கள்.

வயரும் வோல்டேஜும்

கம்ப்ரசர் ஓடும்போது அதே பிளக் பாயின்டில் வோல்டேஜை அளங்கள். மீட்டர் போர்டில் 225, பிளக்கில் 205 என்றால் இடையில் வயர் மெலிந்திருக்கிறது அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு ஃப்ரீசர் ஓட்டுவது தீ விபத்துக்கும் வழி. தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். ஸ்டெபிலைசர் தானும் சில வாட் தின்னும்; வோல்டேஜ் உண்மையிலேயே ஆடும் இடத்தில் மட்டும் போடுங்கள், மூன்று நிமிடத் தாமதம் உள்ளதாக. கரண்ட் போய் உடனே வந்தால் கேப்பிலரி பெட்டியில் அழுத்தம் சமமாகியிருக்காது. அப்போது கிளம்ப முயலும் கம்ப்ரசர் உறுமிவிட்டு ஓவர்லோடில் விழும்.

உள் ஃபேன் மோட்டார் பழைய ஷேடட் போல் ரகமானால், கெடும்போது குறைந்த வாட்டில் ஓடும் இசி ரக மோட்டாராக மாற்றுங்கள். 40 வாட் எடுத்த இடத்தில் 15 வாட் போதும். மிச்சமான 25 வாட் சூடும் பெட்டிக்குள் விழாது. டியூப் லைட்டை எல்இடியாக மாற்றும்போதும் இதே இரட்டை மிச்சம்.

புதிதாக வாங்கும்போது

டீப் ஃப்ரீசர்களுக்கு மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமான பிஇஇ 2020 முதல் நட்சத்திரக் குறியீடு தருகிறது. நட்சத்திர எண்ணிக்கையைவிட லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் எண்ணைப் பாருங்கள். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பெட்டிகளை அதை வைத்து ஒப்பிடுங்கள். வெளிச்சூடு 43 டிகிரி வரை தாங்கும் வெப்பமண்டல வகுப்பு அவசியம்; வேலூர், திருச்சிக் கத்திரி வெயிலில் வேறு வகுப்பு தாங்காது. பார்வைக்கு வைக்கத் தேவையில்லாத சரக்குக்குக் கண்ணாடி மூடி எதற்கு? மேல்மூடி வாங்குங்கள். பாதி காலியாக ஓடும் இரண்டு பெட்டிக்குப் பதில் ஒரு சரியான அளவுப் பெட்டி.

கோல்டு ரூம் கட்டுவதானால் சில்லருக்கு 80 மில்லிமீட்டர், ஃப்ரீசருக்கு 120 மில்லிமீட்டர் பஃப் பேனலுக்கு (உள்ளே ஃபோம் நிரப்பிய சுவர்ப்பலகை) குறையாதீர்கள். ஃப்ரீசரின் தரைக்கும் இன்சுலேஷன் வேண்டும். அதை மிச்சம் பிடித்தவர்களின் தரை சில ஆண்டில் உறைந்து மேலெழும்பி வெடிக்கும்.

பழைய ஃப்ரீசர் பத்தாயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதா? மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். புதியதைவிட நாளைக்கு மூன்று யூனிட் கூடத் தின்றால் ஆண்டுக்கு 10,950 ரூபாய்.

வாங்கக்கூடாதவையும் உண்டு. பிளக்கில் செருகினால் பில் முப்பது சதவீதம் குறையும் என்று விற்கும் "பவர் சேவர்" பெட்டிக்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டர். சிறு கடைகளுக்கு பில் யூனிட்டில்தான் வருகிறது, கெப்பாசிட்டர் யூனிட்டைக் குறைக்காது. பெரிய இணைப்புகளில் பவர் ஃபேக்டருக்கு அபராதம் உண்டு. அங்கே கணக்கிட்டு மெயின் பேனலில் வைக்கும் கெப்பாசிட்டர் வேறு விஷயம். சந்தேகமிருந்தால் முதலில் சொன்ன எனர்ஜி மீட்டரில் ஒரு நாள் அந்தப் பெட்டியோடும், ஒரு நாள் இல்லாமலும் ஃப்ரீசரை ஓடவிட்டு, விற்பவரிடமே இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.